க்வார்ட்டர்பேக்குக்கு முன்னால் நிற்கும் ஐந்து பேர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே ஃபுட்பால் என்பது அமெரிக்காவில் முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்து ஆடும் ஆட்டம். உதாரணங்கள் எல்லாம் என்எஃப்எல் தொழில்முறைப் போட்டிகளிலிருந்து எடுத்தவை. விதி தெரியாதவர்களுக்கு: பந்தை 10 யார்டு முன்னே கொண்டுபோக ஓர் அணிக்கு நான்கு வாய்ப்பு. ஒரு யார்டு என்பது 3 அடி. பந்தை எறிபவர் க்வார்ட்டர்பேக். எறியும்முன் அவரைப் பந்தோடு, ஆட்டம் தொடங்கிய கோட்டுக்குப் பின்னால் சாய்த்துவிட்டால் அது சாக். சாக் ஆகாமல் காப்பது அவர் முன்னால் நிற்கும் ஐவரான ஆஃபென்சிவ் லைனின் வேலை.

லைனில் யார் யார் நிற்கிறார்கள்?

நடுவில் சென்டர். கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குபவர் அவர்தான். அந்தக் கொடுப்புக்கு ஸ்னாப் என்று பெயர். சென்டருக்கு இரு பக்கமும் கார்டுகள், கார்டுகளுக்கு வெளியே டேக்கிள்கள். பெரும்பாலும் எல்லாருமே 300 பவுண்டு, அதாவது 136 கிலோவைத் தாண்டியவர்கள். சென்டரைத் தவிர மற்ற நால்வரும் பந்தைத் தொடுவதே அபூர்வம்.

எதிராளியை இவர்கள் தள்ளலாம், மறிக்கலாம், பிடிக்கக் கூடாது. கை அவருடைய மார்புக்கு நேராக, தோள்களுக்கு உள்ளே இருக்கும்வரை நடுவர் கண்டுகொள்ள மாட்டார். கை வெளியே போய்ச் சட்டையைப் பற்றி இழுத்தால் ஹோல்டிங், 10 யார்டு அபராதம். கையை நீட்டி, விரல்களை விரித்துத் தடுக்கவே 1978-ல்தான் என்எஃப்எல் தாராளமாக அனுமதித்தது. பந்தெறியும் ஆட்டம் அதன் பிறகு பெருகியதற்கு அந்த விதி மாற்றம் ஒரு பெரிய காரணம்.

எறிய எவ்வளவு நேரம் கிடைக்கும்?

ஸ்னாப்பிலிருந்து பந்து கையை விட்டுப் போகும்வரை எடுக்கும் சராசரி நேரம் இரண்டரை முதல் மூன்று நொடி. விளையாட்டுத் தொலைக்காட்சியான இஎஸ்பிஎன் வெளியிடும் தடுப்பு வெற்றி விகிதமும் 2.5 நொடியைத்தான் எல்லையாக வைக்கிறது. அதுவரை எதிராளியை மறித்து நின்றால் லைன்காரருக்கு வெற்றி.

க்வார்ட்டர்பேக் பின்னால் எடுத்து வைக்கும் காலடிகளும் இந்தக் கடிகாரத்தோடு கட்டப்பட்டவை. மூன்று காலடி பின்வாங்கல் என்றால் பந்து இரண்டு நொடிக்குள் போயாக வேண்டும். ஐந்தடிக்கு ஏறத்தாழ இரண்டரை, ஏழடிக்கு மூன்று அல்லது சற்று மேலே. 40 யார்டு தள்ளி ஓடும் ஆளுக்கு எறிய வேண்டுமென்றால் அவர் அங்கே போய்ச் சேரவே மூன்று நொடிக்கு மேல் ஆகும். லைன் இரண்டு நொடிதான் தாங்கும் என்றால், பயிற்சியாளரின் ஆட்டப் புத்தகத்தில் பாதிப் பக்கங்களைக் கிழித்துப் போட்ட மாதிரிதான்.

இடது டேக்கிள் பற்றி மட்டும் ஏன் இவ்வளவு பேச்சு?

வலக்கைக்காரர் எறியத் தயாராகும்போது உடல் வலப்பக்கம் திரும்பும், முதுகு இடப்பக்கத்தைப் பார்க்கும். அங்கிருந்து வருபவர் கண்ணில் படமாட்டார். 1985 நவம்பர் 18 இரவு வாஷிங்டன் அணியின் க்வார்ட்டர்பேக் ஜோ தைஸ்மனை நியூயார்க் ஜயன்ட்ஸின் லாரன்ஸ் டெய்லர் வீழ்த்தினார். தைஸ்மனின் வலது கால் எலும்பு முறிந்தது, அதோடு அவர் ஆட்ட வாழ்க்கையும் முடிந்தது. வாஷிங்டனின் வழக்கமான இடது டேக்கிள் ஜோ ஜேக்கபி அன்று காயத்தால் ஆடவில்லை. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த வாய்ப்பில் ஆடியது ஒரு தந்திர ஆட்டம்: பந்தை ஓட்டக்காரரிடம் கொடுத்து, அவர் அதைத் திரும்ப க்வார்ட்டர்பேக்கிடம் எறிவது. சாதாரண ஆட்டத்தைவிட ஒரு நொடி கூடுதலாகத் தடுக்க வேண்டிய ஆட்டம் அது.

இன்று நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. எதிரணிகள் தங்கள் சிறந்த ஆளை வலப்பக்கமும் நிறுத்துகின்றன, நடுவிலும் நிறுத்துகின்றன. பலவீனம் எங்கே இருக்கிறதோ அங்கே.

விளிம்பிலிருந்து வரும் அழுத்தம் மோசமா, நடுவிலிருந்து வருவதா?

நடுவிலிருந்து வருவது. விளிம்பில் வருபவர் வில் போல வளைந்து ஓடி வர வேண்டும். டேக்கிள் அவரைப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போனால் க்வார்ட்டர்பேக் இரண்டடி முன்னே வந்து தப்பித்துக்கொள்ளலாம். கார்டு தோற்றால் அந்த முன்னிடமே அடைபட்டுவிடும். முன்கால் ஊன்ற இடமில்லாமல் கையால் மட்டும் எறிந்த பந்து தாழ்ந்தோ மிதந்தோ போகும்.

கிட்டப் போய்ப் பார்க்க நல்ல உதாரணம் 2022 பிப்ரவரியில் நடந்த, என்எஃப்எல் பட்டத்துக்கான இறுதிப்போட்டியான சூப்பர் பௌல் 56-ன் கடைசிக் கட்டம். சின்சினாட்டி பெங்கால்ஸ் 20-23 எனப் பின்தங்கியிருந்தது. நான்காவது வாய்ப்பு, தேவை ஒரே ஒரு யார்டு. அதன் பிடிப்பாளர் ஜமார் சேஸ் தன்னைக் காவல் காத்தவரைத் தாண்டி மைதானத்தின் ஆழத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார். எதிரணியான ராம்ஸின் ஆரன் டோனல்ட் நடுப்பகுதியைப் பிளந்து வந்து க்வார்ட்டர்பேக் ஜோ பரோவின் உடலைப் பற்றிச் சுழற்றினார். பரோ சுழன்றபடியே பந்தை வீசினார். அது யார் கைக்கும் எட்டவில்லை. கணக்குப் புத்தகத்தில் அது சாக் இல்லை, வெறும் தவறிய எறிதல், பரோவின் பெயரில். அந்த ஆட்டம் முழுவதிலும் அவர் ஏழு முறை சாக் ஆகியிருந்தார்.

சாக் ஆனால் குற்றம் லைனுடையதுதானே?

பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பாதிதான் சரி.

முதலில் பார்க்க வேண்டியது நேரம். இரண்டு நொடிக்குள் ஆள் வந்து விழுந்தால் லைன்காரர் தோற்றார், அல்லது தடுப்புத் திட்டத்தில் யாருக்கும் ஒதுக்காத ஆள் ஒருவர் வந்திருக்கிறார். மூன்றரை நொடிக்குப் பிறகு வந்தால், பந்தை அவ்வளவு நேரம் கையில் வைத்திருந்தது யார் என்று கேளுங்கள். இரண்டுக்கும் நடுவில் நடப்பதைப் பற்றித்தான் மனிதர்கள் சண்டை போட வேண்டும்.

இரண்டாவது, நிற்கும் இடம். டேக்கிள் தன் எதிராளியை ஏழெட்டு யார்டு ஆழத்தைத் தாண்டித் தள்ளிவிடப் பயின்றவர். க்வார்ட்டர்பேக் அந்த ஆழத்துக்குள் நின்றால் தள்ளப்பட்டவர் அவர் முதுகுக்குப் பின்னால் போய்விடுவார். பயத்தில் பத்து யார்டு பின்வாங்கினால், நேராக அந்த ஆளின் பாதையிலேயே போய் நிற்கிறார் என்று அர்த்தம். டேக்கிள் தன் வேலையைச் சரியாகச் செய்தும் சாக்.

சாக் விகிதம் க்வார்ட்டர்பேக்கின் கூடவே ஊர் ஊராகப் போவதற்கு இதுதான் காரணம். பெய்ட்டன் மேனிங் 2009-ல் கோல்ட்ஸ் அணிக்காக 571 முறை எறிந்தார், சாக் ஆனது 10 முறை. லைன் நல்ல லைன்தான். ஆனாலும் ஸ்னாப்புக்கு முன்பே எதிரணியைப் படித்துவிட்டு, பந்தைச் சட்டென்று விட்டுவிடும் அவர் பழக்கம்தான் அதில் பெரும்பங்கு. இந்தப் பக்கம் ரஸல் வில்சன். சியாட்டிலில் பத்து ஆண்டுகளில் 400-க்கும் மேல் சாக் ஆனவர். லைன் பல வருடம் சுமார்தான். ஆனால் ஓடி ஓடி நேரத்தை நீட்டி நீண்ட எறிதல்களைத் தேடுவது அவர் பாணி, சாக் அதற்கான விலை. அந்த விலைக்கு ஒரு சூப்பர் பௌலும் கிடைத்தது.

சாக் ஆகாவிட்டால் தப்பித்த மாதிரிதானே?

சூப்பர் பௌல் 55-ஐப் பாருங்கள். 2021 பிப்ரவரி, கான்சாஸ் சிட்டி சீஃப்ஸுக்கும் டாம்பா பே பக்கனியர்ஸுக்கும் நடந்தது. சீஃப்ஸின் க்வார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் மூன்றே முறைதான் சாக் ஆனார். ஆனால் 29 முறை அழுத்தத்துக்கு ஆளானார், சூப்பர் பௌல் வரலாற்றில் அதுவரை எவருக்கும் நேராத எண்ணிக்கை. எறிவதற்கு அல்லது விழுவதற்கு முன்பாகப் பின்னாலும் பக்கவாட்டிலும் அவர் ஓடிய தூரம் மட்டும் கூட்டினால் 497 யார்டு. முடிவு 31-9. பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது டச்டவுன், அவருடைய அணி அதை ஒருமுறைகூட எடுக்கவில்லை.

காரணம் எளிது. இடது டேக்கிள் எரிக் ஃபிஷர் முந்தைய ஆட்டத்தில்தான் குதிகால் தசைநாண் அறுந்து வெளியேறினார். வலது டேக்கிள் மிட்செல் ஷ்வார்ட்ஸ் முதுகு வலியால் பல வாரமாக இல்லை. வலது டேக்கிளில் ஆடிக்கொண்டிருந்தவரை இடதுக்கும், கார்டாக இருந்தவரை வலது டேக்கிளுக்கும் மாற்றினார்கள். ஒருவர் போனதற்கு மூன்று இடம் கலைந்தது. டாம்பா பெரும்பாலும் நான்கு பேரை மட்டும் அனுப்பி, மிச்ச ஏழு பேரைப் பின்னால் காவலுக்கு நிறுத்தியது. நால்வரே போதும் என்றால் எந்த க்வார்ட்டர்பேக்காக இருந்தாலும் கதை முடிந்தது.

நான்கு பேர் போதும் என்பது ஏன் அவ்வளவு பெரிய விஷயம்?

எண்ணிக்கைதான். தற்காப்பு அணியில் பதினொரு பேர். பந்து பிடிக்கத் தகுதியுள்ளவர்கள் எதிரே ஐந்து பேர். நால்வரை அனுப்பி அழுத்தம் வந்துவிட்டால் ஏழு பேர் ஐவரைக் காக்கலாம். அழுத்தம் வராமல் ஆறு பேரை அனுப்ப வேண்டியதாகிவிட்டால் காவலுக்கு ஐவர்தான், ஆளுக்கு ஆள். அப்போது ஒரு நல்ல பிடிப்பாளர் தனியாக விடுபடுவது நிச்சயம். ஐந்தோ அதற்கு மேலோ அனுப்புவதை ப்ளிட்ஸ் என்பார்கள். 2025 பிப்ரவரியில் சூப்பர் பௌல் 59-ல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் ஒருமுறைகூட ப்ளிட்ஸ் செய்யவில்லை. மஹோம்ஸ் ஆறு முறை சாக் ஆனார். இடைவேளையில் ஈகிள்ஸ் 24-0 என முன்னிலை, முடிவில் 40-22 என வெற்றி.

ப்ளிட்ஸ் வருகிறது என்று தெரிந்தால் என்ன செய்வார்கள்?

வரிசையாகச் சொன்னால் இப்படி. சென்டர் எதிரே நிற்கும் நடு லைன்பேக்கர் (எதிரணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்) ஒருவரைக் கைகாட்டி எண் சொல்வார். யார் யாரை எடுத்துக்கொள்வது என்பது அந்த ஆளிலிருந்து இரு பக்கமும் எண்ணி முடிவாகும். அது தவறு என்று தோன்றினால் க்வார்ட்டர்பேக் வேறொருவரைக் கைகாட்டி மாற்றலாம். ஓட்டக்காரர் உள்ளிருந்து வெளியே என்ற வரிசையில் பார்த்துக்கொண்டு, யார் விடுபட்டு வருகிறாரோ அவரைப் பிடிப்பார். இத்தனைக்குப் பிறகும் ஓர் ஆள் மிச்சமானால் அவர் க்வார்ட்டர்பேக்கின் பொறுப்பு. அந்த ஆள் விட்டுவந்த வெற்றிடத்துக்குச் சட்டென்று பந்தை எறிய வேண்டும். அதற்கு ஹாட் என்று பெயர்.

தவறு நடக்கும் இடம் பெரும்பாலும் இந்தக் கடைசிப் படிதான். பிடிப்பாளர் ப்ளிட்ஸைக் கவனிக்காமல் பழைய பாதையிலேயே ஓடுவார். க்வார்ட்டர்பேக் ஆளில்லாத இடத்துக்கு எறிவார், அல்லது எறியாமல் விழுவார். தொலைக்காட்சியில் பார்ப்பவர் லைனைத் திட்டுவார்.

ஒரு லைன்காரர் எப்படித் தோற்கிறார்?

டேக்கிள் பக்கவாட்டில் சறுக்குவது போல் பின்வாங்குவார், வெளிக்கால் முதலில். அதிக வெளியே போனால் எதிராளி உள்ளே வெட்டுவார். அதுதான் க்வார்ட்டர்பேக்கை அடையக் குறுக்கு வழி. போதாமல் போனால் வெளியே சுற்றி வருவார். பொறுமையிழந்து இடுப்பிலிருந்து முன்னே சாய்ந்தால் கையைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். தலை கால்விரலைத் தாண்டி முன்னே வந்ததா என்று பாருங்கள். வந்திருந்தால் மிச்சத்தைப் பார்க்கத் தேவையில்லை.

இது தனியாள் தோல்வி. இதைவிட அதிகம் சேதம் செய்வது இருவர் சேர்ந்து செய்யும் தவறு. எதிரணியின் இருவர் குறுக்கும் நெடுக்குமாக இடம் மாறுவார்கள், அது ஸ்டண்ட். முதலாமவர் கார்டின் மேல் மோதி டேக்கிள் பக்கம் இழுத்துக்கொண்டு போவார். இரண்டாமவர் அவருக்குப் பின்னால் வளைந்து உள்ளே வருவார். கார்டும் டேக்கிளும் ஒரே ஆழத்தில் தோளோடு தோள் நின்றால் ஆளை மாற்றிக்கொள்ளலாம். டேக்கிள் ஒரு யார்டு பின்னே இருந்தால் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொள்வார்கள், நடுவில் கதவு திறந்துவிடும். பக்கத்தில் நிற்பவன் எப்போது விடுவான், எப்போது பிடிப்பான் என்று வாய்திறக்காமலே தெரிய வேண்டும். ஒரே ஐவர் பல மாதம் சேர்ந்து ஆடுவதன் மதிப்பு இங்கேதான். சூப்பர் பௌல் 55-ல் சீஃப்ஸிடம் இல்லாமல் போனதும் இதுதான்.

சத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிரணி ஊரில் அறுபதாயிரம் பேர் கத்தும்போது க்வார்ட்டர்பேக்கின் குரல் கேட்காது. கார்டு திரும்பிப் பார்த்து, சைகை கிடைத்ததும் சென்டரைத் தட்டுவார், பிறகு ஸ்னாப். டேக்கிள் பந்தைப் பார்த்து அசைய வேண்டியிருப்பதால் எதிராளியும் அவரும் ஒரே கணத்தில் கிளம்புவார்கள். சொந்த ஊரில் இருக்கும் அந்தக் கால் நொடி முன்தொடக்கம் போய்விடும். முந்தினால் 5 யார்டு அபராதம், பிந்தினால் சாக்.

அடி தொடர்ந்து விழுந்தால் ஒரு க்வார்ட்டர்பேக் நிரந்தரமாகக் கெட்டுப்போவாரா?

இந்தக் கேள்விக்கு எல்லாரும் எடுப்பது டேவிட் காரின் பெயர். ஹூஸ்டன் டெக்சன்ஸ் 2002-ல் புதிதாகப் பிறந்த அணி. புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் வருடாந்திரத் தேர்வில் முதல் தேர்வாக அவரை எடுத்தது. இடது டேக்கிளுக்காக டோனி போசெல்லியை மற்ற அணிகள் விடுவித்தவர்களிலிருந்து எடுத்திருந்தது. தோள் காயத்தால் போசெல்லி ஹூஸ்டனுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அந்த முதல் ஆண்டில் கார் 76 முறை சாக் ஆனார். ஒரு பருவத்தில் அதைத் தாண்டியவர் இல்லை. 2005-ல் 68. ஐந்து ஆண்டுகளில் மொத்தம் 249.

அதன் விளைவு எறியும் கையில் தெரியாது, கண்ணில் தெரியும். நல்ல க்வார்ட்டர்பேக்கின் பார்வை மைதானத்தின் ஆழத்தில் இருக்கும். நெருங்கி வருபவரை ஓரக்கண்ணால், உடம்பால் உணர்வார். அடி வாங்கிப் பழகியவரின் பார்வை தாழ்ந்து வருபவர்களைத் தேடும். பார்வை தாழ்ந்த நொடியில் பிடிப்பாளர்கள் காணாமல் போவார்கள். கால்கள் பதறும், அழுத்தமே இல்லாத ஆட்டத்திலும் முதல் வாய்ப்போடு பந்தை விட்டுவிடுவார், அல்லது பாதுகாப்பான இடத்தை விட்டு ஓடி, தானே போய் மாட்டிக்கொள்வார்.

காரின் கதையில் மறுபக்கமும் உண்டு. 2007-ல் அவர் போய் மாட் ஷாப் வந்தார். ஹூஸ்டனின் சாக் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியானது. லைன் ஒரே இரவில் இருமடங்கு நல்லதாகிவிடவில்லை. லைன் அவரைக் கெடுத்தது, கெட்ட பழக்கத்தால் அவர் லைனை இன்னும் மோசமாகக் காட்டினார். இரண்டில் எது முதலில் என்றால் லைன் என்பதே எங்கள் தீர்ப்பு. 76-வது சாக் வரை யாருடைய பழக்கமும் தாங்காது.

மீண்டவர் யாருமே இல்லையா?

ஜிம் பிளங்கெட். 1971-ல் முதல் தேர்வாக நியூ இங்கிலாந்துக்குப் போய் வருடக்கணக்கில் அடிவாங்கி, சான் ஃபிரான்சிஸ்கோவிலும் கழற்றிவிடப்பட்டு, ரெய்டர்ஸில் மாற்று ஆளாக உட்கார்ந்திருந்தார். 1980-ல் முதல் ஆளுக்குக் கால் முறிந்ததால் வாய்ப்பு வந்தது. இடப்பக்கம் ஆர்ட் ஷெல்லும் ஜீன் அப்ஷாவும் நின்றார்கள், இருவருமே இன்று தலைசிறந்தவர்களுக்கான கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமில் இருப்பவர்கள். அந்தப் பருவத்தின் சூப்பர் பௌலில் சிறந்த ஆட்டக்காரர் விருது பிளங்கெட்டுக்கு. மூன்று ஆண்டு கழித்து இன்னொரு சூப்பர் பௌல். ஆனால் அவரே இன்றுவரை ஹால் ஆஃப் ஃபேமில் இல்லை. ஆரம்ப ஆண்டுகளின் எண்கள் அவரைப் பின்னுக்கு இழுக்கின்றன.

ஆண்ட்ரூ லக் கதை வேறு. 2012-ல் கோல்ட்ஸுக்கு வந்தார், அடிமேல் அடி. 2015-ல் சிறுநீரகம் கிழிந்தது. தோள் காயத்தால் 2017 முழுவதும் ஆடவில்லை. 2018-ல் கோல்ட்ஸ் ஆறாவது தேர்வாகக் குவென்டன் நெல்சன் என்ற கார்டை எடுத்தது. அந்த ஆண்டு லக் சாக் ஆனது 18 முறைதான், டச்டவுன் எறிதல் 39. லைன் வந்தது, ஆனால் உடம்பு காத்திருக்கவில்லை. 2019 ஆகஸ்ட் 24 அன்று, 29 வயதில் ஓய்வை அறிவித்தார்.

லைன் பலவீனம் என்று தெரிந்த பயிற்சியாளர் என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம், எல்லாவற்றுக்கும் விலை உண்டு. டைட் எண்டையும் (லைன் ஓரத்தில் நின்று தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர்) ஓட்டக்காரரையும் தடுக்க நிறுத்தினால் ஏழு பேர் காவல். ஆனால் பந்து பிடிக்க ஓடுபவர் மூவர்தான், அவர்களைக் காக்க ஏழு பேர். அல்லது அவர்களில் ஒருவரை, வெளியே ஓடுமுன் எதிராளியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகச் சொல்லலாம். அவர் தன் இடத்துக்கு அரை நொடி தாமதமாகப் போவார். குறுகிய எறிதல்களாகவே ஆடலாம். எதிரணி முன்னே நெருங்கி வந்து நிற்கும். க்வார்ட்டர்பேக்கை ஒரு பக்கமாக ஓடவிட்டு எறியச் சொல்லலாம். பாதி மைதானம் கைவிட்டுப் போகும். விரைந்து வருபவர்களின் தலைக்குமேல் பந்தைத் தூக்கிப் போடும் ஸ்க்ரீன் ஆட்டம் இருப்பதில் மலிவானது, ஆனால் ஒரு போட்டியில் ஐந்தாறு முறைக்கு மேல் எடுபடாது.

உண்மையான மருந்து ஓட்டம். முதல் வாய்ப்பில் ஐந்து யார்டும் அடுத்ததில் மூன்றும் ஓடி எடுத்தால் மூன்றாவது வாய்ப்பில் இரண்டு யார்டுதான் மிச்சமிருக்கும். எறிவார்களா ஓடுவார்களா என்று தெரியாத எதிரணி ஒரு கணம் தயங்கும். மூன்றாவது வாய்ப்பு, 15 யார்டு என்றால் எல்லாரும் காதைப் பின்னால் மடித்துக்கொண்டு பாய்ந்து வருவார்கள்.

முதல் தேர்வில் நட்சத்திரப் பிடிப்பாளரை எடுப்பதா, டேக்கிளை எடுப்பதா?

2021-ல் பெங்கால்ஸ் முன் இந்தக் கேள்வி நின்றது. முந்தைய நவம்பரில் ஜோ பரோவின் இடது முழங்கால் தசைநார்கள் கிழிந்திருந்தன. ஐந்தாவது தேர்வில் பெனே சூவல் என்ற டேக்கிளும் இருந்தார், ஜமார் சேஸும் இருந்தார். சேஸை எடுத்தார்கள். பரோ அந்தப் பருவத்தில் 51 முறை சாக் ஆனார், லீகிலேயே அதிகம். டென்னஸியுடன் நடந்த பிளேஆஃப் (பருவத்துக்குப் பிந்தைய நாக்அவுட்) ஆட்டத்தில் மட்டும் ஒன்பது, அப்படியும் 19-16 என வென்றார்கள். சூப்பர் பௌல்வரை போனார்கள், முடிவை மேலே பார்த்தோம். டெட்ராய்ட் எடுத்த சூவல் லீகின் தலைசிறந்த டேக்கிள்களில் ஒருவரானார்.

சேஸை எடுத்தது தவறில்லை. அவருக்குப் பின்னும் வரிசையாகப் பிடிப்பாளர், ஓட்டக்காரர் என்றே தேடியிருந்தால் அது தவறு. லைன் அதன் பலவீனமான ஆள் அளவுக்குத்தான் பலம். நாலு பேர் ஜெயித்து ஒருவர் தோற்றாலும் க்வார்ட்டர்பேக் கீழேதான் கிடப்பார். க்ளீவ்லண்டின் ஜோ தாமஸ் தொடர்ந்து 10,363 ஸ்னாப் ஒன்றுகூடத் தவறாமல் ஆடிய இடது டேக்கிள். அவர் காலத்தில் அந்த அணி ஒருமுறைகூட பிளேஆஃபுக்குப் போகவில்லை. சராசரிக்குச் சற்று மேலான ஐவர், ஒரு மேதையும் இரண்டு ஓட்டைகளும் கொண்ட லைனைவிட மேல்.

சீஃப்ஸ் இதைப் புரிந்துகொண்டது. சூப்பர் பௌல் 55 தோல்விக்குப் பிறகு வந்த சில மாதங்களில் லைனுக்குப் புது ஆட்கள்: ஜோ தூனிக்கு ஐந்தாண்டுக்கு 8 கோடி டாலர் ஒப்பந்தம், பரிமாற்றத்தில் ஆர்லாண்டோ பிரவுன், தேர்வில் க்ரீட் ஹம்ஃப்ரியும் ட்ரே ஸ்மித்தும். 2023 பிப்ரவரியில் சூப்பர் பௌல் 57. அந்தப் பருவத்தில் 70 சாக் எடுத்த ஈகிள்ஸ் எதிரே. மஹோம்ஸ் ஒருமுறைகூட சாக் ஆகவில்லை, 38-35 வெற்றி. அன்று புல்தரை வழுக்கியது பாய்ந்து வருபவர்களின் காலைத்தான் அதிகம் வாரியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வரலாறு க்வார்ட்டர்பேக்கை எடைபோடும்போது லைனைக் கணக்கில் சேர்க்கிறதா?

சேர்ப்பதே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். வாஷிங்டன் அணியின் பயிற்சியாளர் ஜோ கிப்ஸ் மூன்று சூப்பர் பௌல் வென்றார், மூன்று வெவ்வேறு க்வார்ட்டர்பேக்குகளோடு: தைஸ்மன், டக் வில்லியம்ஸ், மார்க் ரிப்பியன். மூவரில் ஒருவரும் ஹால் ஆஃப் ஃபேமில் இல்லை. மூன்றுக்கும் பொதுவாக இருந்தது ஹாக்ஸ் என்று செல்லப்பெயர் பெற்ற லைன். 1991 பருவம் முழுவதும் அந்த அணி விட்டுக்கொடுத்த சாக் 9 மட்டுமே.

எதிர்த்திசையில் ஆர்ச்சி மேனிங். நியூ ஆர்லியன்ஸில் நல்ல லைன் என்பதையே பார்க்காமல் காலத்தைக் கழித்தவர். ஆட்ட வாழ்க்கைக் கணக்கு 35 வெற்றி, 101 தோல்வி, 3 சமன். பெயரைச் சொன்னால் இன்று பலருக்கும் அவருடைய மகன்கள்தான் நினைவுக்கு வருவார்கள்.

டாம் பிரேடியையே எடுங்கள். 2007 பருவத்தில் 18 ஆட்டமும் வென்று வந்த அவருடைய நியூ இங்கிலாந்தை சூப்பர் பௌலில் ஜயன்ட்ஸ் ஐந்து சாக் எடுத்து 17-14 என வீழ்த்தியது. பிறகு லைன் பயிற்சியாளர் டான்டே ஸ்கார்னெக்கியா ஓய்வுபெற்ற இடைவெளியில், 2015 பருவத்தில் சூப்பர் பௌலுக்கு முந்தைய கட்டமான ஏஎஃப்சி இறுதியில் டென்வரில் அடி அடியென்று அடித்து 20-18 எனத் தோற்கடித்தார்கள். ஸ்கார்னெக்கியாவைத் திரும்ப அழைத்தார்கள். அடுத்த மூன்று பருவங்களில் இரண்டு சூப்பர் பௌல். 2018 பருவத்தின் பிளேஆஃபில் மூன்று ஆட்டங்களிலும் சேர்த்து பிரேடி சாக் ஆனது ஒரே முறை. அந்த ஐவரின் பெயரை வரிசையாகச் சொல்ல பாஸ்டனுக்கு வெளியே எத்தனை பேரால் முடியும்?

அதற்காக எல்லாவற்றையும் லைன் கணக்கில் எழுதிவிடவும் முடியாது. டான் மரினோ 1988-ல் 606 முறை எறிந்து ஆறே முறை சாக் ஆனார். அவருடைய மயாமி அணிக்கு அந்த ஆண்டு 6 வெற்றி, 10 தோல்வி. தற்காப்பும் ஓட்டமும் இல்லாத அணிக்கு மூன்று நொடி கொடுத்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது.

எந்த எண்ணை நம்பலாம்?

வழக்கமாகத் திரையில் காட்டும் பாசர் ரேட்டிங்கில் சாக் சேராது. சாக்கில் இழந்த யார்டுகள் அணிக் கணக்கில் கழியும், க்வார்ட்டர்பேக்கின் சொந்தக் கணக்கில் கழியாது. ஆகவே பந்தைப் பிடித்துக்கொண்டு விழுபவருக்கு, தைரியமாக எறிந்து தவறவிடுபவரைவிட நல்ல ரேட்டிங் வரும். இது அபத்தம்.

நிகர யார்டு பாருங்கள். எறிந்து எடுத்த யார்டிலிருந்து சாக்கில் இழந்ததைக் கழித்து, எறிதல்களையும் சாக்குகளையும் கூட்டிய எண்ணால் வகுக்க வேண்டும். ஒருவர் 36 முறை எறிந்து 300 யார்டு, 4 சாக்கில் 28 யார்டு இழப்பு என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் கணக்கில் எறிதலுக்கு 8.3. நிகரக் கணக்கில் 272-ஐ 40-ஆல் வகுத்தால் 6.8. டச்டவுனுக்கு 20 யார்டு கூட்டி, எறிந்த பந்தை எதிரணி பிடித்துவிடும் இடைமறிப்புக்கு 45 கழிக்கும் வடிவமும் உண்டு. வெற்றியோடு நெருங்கிப் போவது அதுதான்.

தொலைக்காட்சியில் பார்க்கும்போது லைனை எப்படிக் கவனிப்பது?

கேமரா பந்தைத் துரத்தும், அதனால் ஸ்னாப் ஆன முதல் இரண்டு நொடி மட்டும் பந்தை மறந்துவிடுங்கள். ஒரே ஒரு கார்டைத் தேர்ந்தெடுத்து ஆட்ட நேரத்தின் நாலில் ஒரு பங்கு முழுக்க அவரையே பாருங்கள். நடுவில் க்வார்ட்டர்பேக்கைச் சுற்றி உருவாகும் கிண்ணம் போன்ற இடம்தான் பாக்கெட். அது பின்னால் நசுங்குகிறதா, பக்கவாட்டில் அகலமாகிறதா என்று கவனியுங்கள். அகலமானால் பரவாயில்லை. சாக் நடந்தால் மறுஒளிபரப்பில் ஸ்னாப்பிலிருந்து வாய்விட்டு எண்ணுங்கள்: ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு. மூன்றைச் சொல்லி முடித்த பிறகும் பந்து கையிலேயே இருந்தால், வர்ணனையாளர் லைனைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் க்வார்ட்டர்பேக்கின் காலடியைப் பார்க்கத் தொடங்கலாம்.